இருநூற்றுப் பதினொன்று

டிராகனைக் கொல்லப் போகும் வழி அதுவல்ல.
உடைந்த பாலத்துக்குக் கீழே
வரைபடத்தில் பெயரில்லாத ஒரு சதுப்பு.
மூலிகை பொறுக்க இறங்கினேன்.
ஈசூனில் மணி இரண்டே கால்,
விடிந்தால் காலைப் பணி.

முழங்கால் நீரில்
ஒருவன் முதுகு காட்டி நின்றான்.
கையில் தராசு.
இரண்டு தட்டும் காலி,
ஆனாலும் ஒன்று தாழ்ந்திருந்தது.

"உன் பங்கை முன்பே வாங்கிப் போய்விட்டாய்" என்றான்.

திரையில் இரண்டே பதில்கள்:
'இல்லை.' 'மன்னித்துவிடு.'
இல்லை என்று அழுத்தினேன்.
அவன் ஒதுங்கி வழிவிட்டான்.
பின்னால் ஒரு வீடு, உள்ளே விளக்கு,
எந்தச் சாவிக்கும் திறக்காத கதவு.
திரும்பி வந்து பார்த்தால்
இருநூற்றுப் பன்னிரண்டாக இருந்த என் உயிர்
இருநூற்றுப் பதினொன்று.
மருந்து குடித்தேன், சத்திரத்தில் உறங்கினேன்.
அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

டிராகன் ஒரே மூச்சில் நூறைத் தின்னும்.
அதற்கு நான் வருந்தியதே இல்லை.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
காரணமில்லாமல் எதுவும் நிற்காது என்று சொல்லித்தான்
சம்பளம் வாங்குகிறேன்.
ஆகவே முறைப்படி சோதித்தேன்,
பழைய சேமிப்பிலிருந்து ஏழு தடவை.
பகலில் போனேன், மழையில் போனேன்,
கவசத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனேன்.
'மன்னித்துவிடு' என்றும் சொல்லிப் பார்த்தேன்:
அதே ஒதுங்கல், அதே ஒன்று.
ஒருமுறை வெட்டியேவிட்டேன்.
வாள் போய் வந்தது, தண்ணீரில் போல.
அவன் கோபிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

கோப்பிக்கடையில் ஹஃபீஸிடம் கேட்டேன்.
"பிழை லா, எழுதினவன் தூங்கிட்டான்" என்று
கோப்பி-ஓவைக் கலக்கினான்.
பிழை இவ்வளவு சிக்கனமாக இருக்குமா?
யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து
நூறல்ல, பத்தல்ல,
ஒன்று
என்று தட்டச்சு செய்திருக்க வேண்டும்.
எதிர்வீட்டு யூ ஷுவான், வயது பன்னிரண்டு,
அந்தச் சதுப்பில் தான் பார்த்தது
ஓர் ஆடு மட்டும்தான் என்று சத்தியம் செய்கிறான்.
ஆடு என்ன சொன்னது என்று கேட்க
எனக்குத் துணிவில்லை.

பங்கு. எந்தப் பங்கு?
முதல் ஊரில், ஆளில்லாத குடிசையில்,
ஒரு பானையை உடைத்து மூன்று காசு எடுத்தேன்.
எல்லாரும் உடைப்பதுதான்,
பானைகள் அதற்குத்தான் இருக்கின்றன.

சுகிர்தா புரண்டு படுத்துச் சொன்னாள்:
"அவன் சாப்பிட்டானான்னு கேட்டியா?"
அப்படியொரு பதில் விளையாட்டில் இல்லை என்றேன்.
தூங்கிவிட்டாள்.

பையில் பதினான்கு ரொட்டி இருந்தது.
எதையும் கீழே போடலாம் அங்கே,
கொடுக்கத்தான் பொத்தான் இல்லை.
உயர்ந்திருந்த தட்டுக்கு நேர் கீழே
ஒன்றைப் போட்டேன். மிதந்தது.
அவன் திரும்பவில்லை.
மறுநாள் போனபோது ரொட்டியைக் காணோம்.
பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.
கீழே போட்ட பொருள் ஒருநாளில் தானாக அழியும்,
எனக்கும் தெரியும்.

நான் கவனிக்கும் புளோக் ஒன்றில்
மின்தூக்கி நள்ளிரவுக்குப் பின்
ஒன்பதாம் மாடியில் நிற்கிறது,
யாருக்காகவும் அல்லாமல்.
பலகை மாற்றினேன், பொத்தான் மாற்றினேன்,
நகர மன்றத்திலிருந்து மூன்றாவது கடிதம் வந்தாயிற்று.
யாரும் அழுத்தவில்லை என்கிறது பதிவு.
சுமைமானி என் எடையை மட்டும் சொல்கிறது.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் காலி.

நேற்றும் ஏறினேன்.
ஒன்பதில் கதவு திறந்தது.
தாழ்வாரம், காயும் துணி,
சுவரில் சாய்த்த சின்னச் சைக்கிள்.
கதவு மூட நான்கு நொடி.
மூன்றாவது நொடியில்தான் கவனித்தேன்,
கருவிப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு
ஓரமாய் ஒதுங்கி
நிற்கிறேன்.